நஞ்சையை மேடாக்கி மனைப்பிரிவு போடும்போது வெளியேறும் மழைநீருக்கு விதிகளில் கணக்கு உண்டா?

கரையோரவாசி எழுதியது:

தாம்பரத்துக்கு மேற்கே, அடையாற்றின் வடிநிலத்தில் உள்ள ஓர் ஊராட்சியில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் இயங்கி வருகிறது. எங்கள் தெருக்களை ஒட்டி ஏறத்தாழ ஐந்து ஏக்கர் நஞ்சை நிலம் இருந்தது. பயிர் வைப்பது நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும் வரப்புகள் அப்படியே இருந்தன; ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழைநீர் அங்கே தேங்கி நின்று மெல்ல வடியும். கடந்த கோடையில் அந்த நிலம் முழுவதும் கிராவல் அடிக்கப்பட்டு, எங்கள் தெரு மட்டத்தைவிடச் சுமார் மூன்றடி உயரத்தில் மனைப்பிரிவாக மாறிவிட்டது. புலப்பட வரைபடத்தில் அந்த நிலத்தின் ஓரமாகச் செல்வதாகக் காட்டப்பட்டுள்ள ஏரி வரத்துக்கால் (ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்), இப்போது மனைப்பிரிவின் நுழைவுச் சாலைக்கு அடியில் 600 மில்லிமீட்டர் குழாய் ஒன்றுக்குள் அடங்கிவிட்டது. அந்தக் குழாயின் வாயில் பாதியளவுக்குக் கட்டுமானக் கழிவும் சிமென்ட் சாக்குகளும் அடைத்துக் கிடப்பதைப் படமெடுத்து வைத்திருக்கிறோம்.

மனைப்பிரிவு முறையான ஒப்புதல் பெற்றது. ஒப்புதல் வரைபடத்தைப் பார்த்தோம். சாலை அகலம், பூங்காவுக்கு ஒதுக்கிய இடம், மழைநீர் சேகரிப்புக் குழிகள் ஆகிய அனைத்தும் குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த ஐந்து ஏக்கரில் விழும் மழையில் எவ்வளவு வெளியேறும், எந்த வழியாக வெளியேறும், அதைப் பெற்றுக்கொள்ளும் வாய்க்காலுக்கு அந்தக் கொள்ளளவு இருக்கிறதா என்பதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

ஊராட்சி மன்றத்தில் இதுகுறித்துத் தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப உறுப்பினர்கள் இசைந்திருக்கிறார்கள். சென்னைப் பெருநகரின் 2026 முதல் 2046 வரையிலான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிவரும் நேரம் என்பதால், எங்கள் கருத்தை அங்கும் பதிவு செய்ய எண்ணியுள்ளோம். "மழைநீர் வடிகால் வசதி செய்ய வேண்டும்" என்று பொத்தாம் பொதுவாக எழுதி அனுப்பினால் அது கோப்பில் உறங்கும் என்பது தெரிந்ததுதான். விதியில் எந்த இடத்தில், எந்தச் சொற்களில், எந்த அளவுகளோடு மாற்றம் கேட்பது பொருத்தமாக இருக்கும் என்பதைத் துறை அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மதகு எழுதியது:

நீர்ப்பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இப்போதுள்ள விதிகள் மழைநீரைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. அவை கேட்கும் கேள்வி வேறு. 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டபோது மாநிலம் கடும் வறட்சியில் இருந்தது, கிணறுகள் வற்றியிருந்தன. கூரையில் விழும் நீரை நிலத்துக்குள் இறக்க வேண்டும் என்பதே அன்றைய தேவை. அதற்காக வகுத்த ஏற்பாடுதான் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இலும் தொடர்கிறது. குழி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் விதி நிறைவேறிவிட்டது. களிமண் நிலத்தில், நிலத்தடி நீர் இரண்டு மூன்று அடிக்குள் ஏறி நிற்கும் நவம்பர் மாதத்தில், அந்தக் குழி ஏற்கெனவே நிரம்பியிருக்கும். வறட்சிக்கு வகுத்த விதியை வெள்ளத்துக்கும் போதும் என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் இருக்கிறது.

நீங்கள் கேட்க வேண்டியது ஓர் உச்சவரம்பு. மனைப்பிரிவு வருவதற்கு முன்பு அந்த நிலத்திலிருந்து விநாடிக்கு எவ்வளவு நீர் வெளியேறியதோ, வந்த பின்பும் அதற்கு மேல் வெளியேறக் கூடாது என்பதே அது. உங்கள் ஐந்து ஏக்கரைச் சுமார் 2 ஹெக்டேர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 மில்லிமீட்டர் வீதம் ஒரு மணி நேரம் மழை பெய்தால் அந்த நிலத்தில் விழும் நீர் 1,200 கனமீட்டர், அதாவது 12 லட்சம் லிட்டர். திறந்த நிலமாக இருக்கையில் அதில் பத்தில் மூன்று பங்கு வழிந்தோடும் என்று கொண்டால் விநாடிக்கு 100 லிட்டர். சாலை, கூரை, பேவர் பிளாக் எல்லாம் வந்த பிறகு நான்கில் மூன்று பங்கு வழிந்தோடும் என்று கொண்டால் விநாடிக்கு 250 லிட்டர். இடையிலுள்ள 150 லிட்டரை ஒரு மணி நேரத்துக்கு எங்கேயாவது நிறுத்தி வைக்க வேண்டும். அது 540 கனமீட்டர்.

இதற்குத் தனியாக இடம் தேட வேண்டியதில்லை. ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். சாலைகளுக்கு 30 சதவீதம் போனால், உங்கள் நிலத்தில் அந்த ஒதுக்கீடு 1,400 சதுர மீட்டர். அந்தப் பூங்காவைச் சுற்றியுள்ள மட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டர் தாழ்த்தி அமைத்தால் 560 கனமீட்டர் நீர் நிற்கும். மழைக்காலத்தில் சில மணி நேரம் நீர் நிற்கும். மற்ற நாள்களில் பிள்ளைகள் விளையாடலாம். சென்னை மாநகராட்சி அமைத்துவரும் ஸ்பாஞ்ச் பூங்காக்களின் அடிப்படை இதுதான். மாநகராட்சி தன் செலவில் பழைய பூங்காக்களைத் தோண்டிச் செய்வதை, புதிய மனைப்பிரிவில் தொடக்கத்திலேயே செய்துவிடலாம்.

மேலே சொன்ன கணக்கில் ஒரு பெரிய குறை உண்டு. அதை உங்கள் தீர்மானத்தில் விட்டுவிடாதீர்கள். வரப்புள்ள நஞ்சை வெறும் திறந்த நிலமன்று. வரப்பு 15 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே 2 ஹெக்டேரில் 3,000 கனமீட்டர் நீரை அது தாங்கும். கிராவல் அடித்து மேடாக்கியதில் இழந்தது அந்தக் கொள்ளளவு. வழிந்தோடும் விகிதத்தை மட்டும் கணக்கிடும் எந்த விதியும் 540-ஐப் பார்க்கும், 3,000-ஐப் பார்க்காது. ஆகவே வெளியேற்ற வரம்பு ஒன்று, மேடாக்குவதால் இழக்கும் கொள்ளளவுக்கு ஈடு மற்றொன்று என இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

எந்த மழைக்கு வடிவமைப்பது என்ற கேள்வியும் வரும். மத்திய அரசின் 2019-ஆம் ஆண்டு மழைநீர் வடிகால் கையேடு, பெருநகரங்களின் மையப் பகுதிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழையையும், புறப்பகுதிக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழையையும் அளவுகோலாகக் கொள்கிறது. உங்கள் ஊர் இன்றைக்குப் புறப்பகுதி; மனைகள் அனைத்திலும் வீடு எழும் காலத்தில் அப்படி இருக்காது. புதைத்த குழாயை யாரும் மாற்றப் போவதில்லை என்பதால் ஐந்தாண்டு மழையையே கேளுங்கள். அதே வேளையில், 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்ததே, அதையும் இந்தப் பூங்கா தாங்கும் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அதைத் தாங்காது, ஆண்டுதோறும் வரும் சாதாரண மழையில் உங்கள் தெரு மூழ்காமல் காக்கும்.

அளவுநாடா எழுதியது:

மனைப்பிரிவுகளுக்கு வரைபடம் தயாரித்து ஒப்புதல் பெற்றுத் தருவது என் தொழில் என்பதால், மேசையின் மறுபக்கத்திலிருந்து சில நடைமுறைகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மதகு ஐயா சொன்ன உச்சவரம்பை நான் ஏற்கிறேன். ஆனால் மனையை மேடாக்குவது மனை விற்பவரின் பேராசையால் மட்டும் நடப்பதில்லை. தாழ்வான நிலத்துக்கு நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று கேட்கும்போது, வெள்ள மட்டத்துக்கு மேல் இன்ன அளவுக்கு நிலத்தை உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனை அந்தச் சான்றிலேயே வருவது வழக்கம். மனைக்குள் வெள்ளம் வராமல் காக்கும் நல்ல நோக்கம்தான். அந்த நீர் அதன் பிறகு எங்கே போகும் என்று சான்று கேட்பதில்லை. ஆக, ஒரு துறை உயர்த்தச் சொல்கிறது, மற்றொரு துறை அந்த வரைபடத்துக்கு ஒப்புதல் தருகிறது, பக்கத்துத் தெருக்காரர் வீட்டுக்குள் நீர் புகுகிறது. மேடாக்கவே கூடாது என்று எழுதினால் இந்த நிபந்தனையோடு மோதும். அதற்குப் பதிலாக, வீட்டின் அடித்தளத்தை மட்டும் உயர்த்துவது, பூங்காவையும் சாலையோரங்களையும் பழைய மட்டத்திலேயே விடுவது, உயர்த்தும் மண்ணின் கன அளவுக்கு ஈடாக அதே வடிநிலத்தில் வேறோர் இடத்தைத் தாழ்த்துவது என்று வழிமுறையைச் சொன்னால் எங்களைப் போன்றவர்களால் வரைய முடியும்.

தாழ்வான பூங்காவிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. ஒதுக்கீட்டு நிலத்தைப் பள்ளமாகக் காட்டினால், பயன்படாத இடத்தை ஊராட்சியின் தலையில் கட்டுகிறார்கள் என்ற ஐயம் எழுகிறது. நிரப்பி மேடாக்கித் தந்தால்தான் ஏற்போம் என்று சொல்கிறார்கள். அந்த ஐயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை, ஏனெனில் விற்க முடியாத மூலையைப் பூங்கா என்று காட்டுவது எங்கள் தொழிலில் நடக்கிறது. எனவே, மழைநீரைத் தற்காலிகமாகத் தேக்கும் வகையில் அமைத்த பூங்காவும் திறந்தவெளி ஒதுக்கீடாகவே கருதப்படும் என்பதும், அதன் அதிகபட்ச ஆழமும் சரிவும் என்ன என்பதும் விதியிலேயே எழுதப்பட வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டால் ஒவ்வொரு கோப்பிலும் ஒவ்வொரு முடிவு வரும்.

சில ஆண்டுகள் சிங்கப்பூரில் வேலை பார்த்தேன். அங்கே 2014 முதல் 0.2 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டுமானங்கள், பொது வடிகாலுக்குள் விடும் நீரின் உச்ச அளவைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். வழிந்தோடும் விகிதம் 0.55-ஐத் தாண்டாதபடி கணக்குக் காட்ட வேண்டும். மிஞ்சியதைத் தொட்டியிலோ தாழ்வான தோட்டத்திலோ நிறுத்த வேண்டும். அந்த எண்ணை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள நான் பரிந்துரைக்கவில்லை. ஏற்கெனவே கட்டடம் நிறைந்த நகரத்துக்கு 0.55 பொருந்தலாம், நஞ்சையிலிருந்து தொடங்கும் நம் ஊருக்கு அது மிகவும் தளர்வு. ஆனால் 0.2 ஹெக்டேர், அதாவது 2,000 சதுர மீட்டர் என்ற தொடக்க அளவைக் கவனியுங்கள். இங்கே 3,000 சதுர மீட்டருக்குக் கீழ் திறந்தவெளி ஒதுக்கீடு தேவையில்லை என்பதால், பெரிய நிலத்தைத் துண்டு துண்டாக வெவ்வேறு பெயர்களில் பிரித்து ஒப்புதலுக்கு அனுப்புவது எல்லோருக்கும் தெரிந்த வழி. மழைநீர் விதியும் அதே வரம்பில் தொடங்கினால் அதே ஓட்டை வழியாக நீர் வெளியேறிவிடும். அடுத்தடுத்த புல எண்களைச் சில ஆண்டு இடைவெளிக்குள் பிரித்தால், அவை ஒரே மனைப்பிரிவாகக் கணக்கிடப்பட வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள்.

அங்கே வடிகாலுக்கு ஒரே வாரியம் பொறுப்பு என்பதையும் மறக்கக் கூடாது. இங்கே நான் விநாடிக்கு 100 லிட்டர் என்று கச்சிதமாக வடிவமைத்தாலும், அது விழும் சாலையோரப் பள்ளம் நெடுஞ்சாலைத் துறையுடையதா, ஊராட்சியுடையதா என்று சொல்ல ஆள் இருப்பதில்லை.

கரையோரவாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. நீர்வளத் துறைச் சான்றில் அப்படியொரு நிபந்தனை வருவது எங்களுக்குத் தெரியாது. பக்கத்து மனைப்பிரிவின் சான்று நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கவிருக்கிறோம். ஓர் ஐயம்: எங்கள் பகுதியில் மழை ஒரு மணி நேரத்தில் நிற்பதில்லை, இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்யும். முதல் நாளே பூங்கா நிரம்பிவிட்டால் இரண்டாம் நாள் அதனால் என்ன பயன்?

மதகு எழுதியது:

நியாயமான ஐயம். பூங்கா குளம் அன்று. நிரம்பினால் அப்படியே நிற்கக் கூடாது. விநாடிக்கு 100 லிட்டர் மட்டுமே போகும்படி சிறிய வெளியேற்றுக் குழாய் வைத்தால், கனமழை ஓய்ந்து ஒன்றரை மணி நேரத்தில் 540 கனமீட்டரும் வடிந்து, அடுத்த மழைக்கு இடம் தயாராகிவிடும். ஆனால் வெளியே வாய்க்கால் நிறைந்து நின்றால் நீர் வடியாது. வாய்க்கால் நீரே பூங்காவுக்குள் பின்னோக்கி ஏறும். அதைத் தடுக்கக் குழாயின் வெளிமுனையில் ஒருவழிக் கதவு பொருத்த வேண்டும். நாள் கணக்கில் பெய்யும் மழைக்குப் பூங்கா மட்டும் போதாது, மேடாக்கியதற்கு ஈடான தாழ்நிலம் தேவை என்று முன்பு சொன்னதன் காரணமும் இதுவே. வரத்துக்காலை 600 மில்லிமீட்டர் குழாய்க்குள் அடைத்தது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. அந்தக் கால்வாய்க்கு மேலே உள்ள நிலம் முழுவதிலிருந்தும் நீர் வருகிறது. இந்த ஐந்து ஏக்கரின் நீர் அதில் ஒரு சிறு பங்குதான். வாய்க்காலைக் கடக்கும் சாலைக்குக் குழாய் கூடாது, வாய்க்காலின் முழு அகலத்துக்கும் பெட்டி வடிவச் சிறுபாலம் கட்ட வேண்டும் என்பதை ஒப்புதல் நிபந்தனையாகவே கேளுங்கள்.

வாய்க்கால்தெரு எழுதியது:

முன்பு வார்டு உறுப்பினராக இருந்தேன். பொறியாளர்கள் பேசுவது எல்லாம் மனைப்பிரிவு ஒப்புதல் பெறும் நாள் வரை. அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்கிறேன்.

தானப் பத்திரம் பதிவானதும் சாலையும் பூங்காவும் ஊராட்சியுடையவை. மனை விற்றவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். தாழ்வான பூங்காவைப் பார்த்ததும் வீடு கட்டுபவர்கள் உடைந்த செங்கல்லையும் மிஞ்சிய மண்ணையும் அங்கே கொட்டுவார்கள். இரண்டு ஆண்டுகளில் அது மேடாகிவிடும். பிறகு நல்லெண்ணத்தோடு ஒருவர் நிதி ஒதுக்கி, அதன் மேல் பேவர் பிளாக் பதித்து, உடற்பயிற்சிக் கருவிகள் வைத்துத் திறப்பு விழா நடத்துவார். அந்தப் பூங்கா 540 கனமீட்டர் நீரைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டது என்று அந்த மேடையில் இருக்கும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தெரிவிக்கும் ஆவணம் எதுவும் ஊராட்சி அலுவலகத்தில் இருக்காது. சிற்றூராட்சியில் பொறியாளர் கிடையாது என்பதையும், ஒன்றியப் பொறியாளர் பல ஊராட்சிகளைச் சேர்த்துப் பார்க்கிறார் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆகவே தானப் பத்திரத்திலேயே பூங்காவின் தரைமட்டம், கொள்ளளவு, வெளியேற்றுக் குழாயின் விட்டம் ஆகியவை எழுதப்பட வேண்டும். அந்த மட்டத்தைக் காட்டும் கல் ஒன்று பூங்காவிலேயே நடப்பட வேண்டும். கல் மூடும் அளவுக்கு மண் ஏறினால் யார் வேண்டுமானாலும் பார்த்துச் சொல்லலாம். மனை விற்றவரிடம் பராமரிப்பு வைப்புத்தொகை வாங்கி, ஐந்து ஆண்டு கழித்து அளந்து பார்த்த பிறகு திருப்பித் தர வேண்டும். ஐந்து ஆண்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, வேலையின் தரத்திலும் வசதிகளிலும் உள்ள குறைகளை, மனையையோ வீட்டையோ ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சுட்டிக்காட்டினால், விற்றவர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். அந்தக் காலவரையறையோடு இதுவும் பொருந்திப் போகும்.

இன்னொன்று, தீர்மானம் நிறைவேற்றுவதால் மட்டும் விதி மாறாது. 2019 விதிகள் அரசாணையால் வந்தவை, அரசாணையால்தான் மாறும். ஊராட்சி தானாகப் புதிய விதி எழுதிக்கொள்ள முடியாது. ஒரே வடிநிலத்தில் உள்ள நான்கைந்து ஊராட்சிகள் ஒரே வாசகத்தோடு தீர்மானம் அனுப்பினால் அதற்குள்ள எடை வேறு.

அளவுநாடா எழுதியது:

மட்டக்கல் நல்ல யோசனை. வரைபடத்தில் அதன் இடத்தையும் மட்டத்தையும் குறிப்பதற்கு எங்களுக்கு ஒரு வரிதான் கூடுதல் வேலை. வைப்புத்தொகையை மட்டும் மனையின் விலையோடு சேர்க்காமல் திறந்தவெளியின் பரப்போடு சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வழிகாட்டி மதிப்பு உயரும்தோறும் அதுவும் உயர்ந்து, பிரித்துக் காட்டும் பழக்கத்தை மேலும் வளர்க்கும்.

மதகு எழுதியது:

தீர்மானத்துக்கான வாசகத்தை, மேலே பேசியவற்றையும் சேர்த்து, இப்படி அமைக்கலாம் என்று எண்ணுகிறேன். சொற்களை உங்கள் ஊருக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள்.

"0.2 ஹெக்டேரும் அதற்கு மேற்பட்டும் உள்ள எந்த நில மேம்பாட்டிலும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய மழைக்கு, மேம்பாட்டுக்குப் பிந்தைய உச்ச வெளியேற்றம் மேம்பாட்டுக்கு முந்தைய அளவை மிஞ்சாது என்பதற்கான கணக்கீடும், நிலத்தை உயர்த்துவதால் இழக்கப்படும் நீர்த்தேக்கக் கொள்ளளவுக்கு அதே வடிநிலத்தில் ஈடு செய்யப்பட்டுள்ளது என்பதற்கான மட்ட அளவீடும், நீர் சென்று சேரும் வாய்க்காலின் பெயர், உரிமையுள்ள துறை, கொள்ளளவு ஆகியவையும் ஒப்புதல் விண்ணப்பத்துடன் இணைக்கப்பட வேண்டும். அடுத்தடுத்துள்ள புல எண்களில் ஐந்து ஆண்டுக்குள் செய்யப்படும் மேம்பாடுகள் ஒன்றாகவே கணக்கிடப்பட வேண்டும். வருவாய்ப் பதிவேட்டில் உள்ள எந்த வரத்துக்காலும் குழாய்க்குள் அடைக்கப்படலாகாது."

மேம்பாட்டுக்கு முந்தைய நிலை எது என்ற தகராறு நிச்சயம் வரும். ஏற்கெனவே மேடாக்கிவிட்டு, இதுதான் பழைய நிலை என்பார்கள். வருவாய்ப் பதிவேட்டில் நஞ்சை என்று இருந்தால் வரப்புள்ள நஞ்சையாகவே கொள்ள வேண்டும் என்று ஒரு வரியைக் கடைசியில் சேர்த்துவிடுங்கள். உங்கள் பக்கத்து மனைப்பிரிவுக்கு இந்த விதி முன்தேதியிட்டுப் பொருந்தாது. ஆனால் அதன் தடையின்மைச் சான்றில் வரத்துக்காலைப் பற்றி நிபந்தனை ஏதும் இருந்தால் அது இன்றைக்கும் செல்லும். நகல் கைக்கு வந்ததும் நிபந்தனைகள் பக்கத்தை முதலில் படியுங்கள்; குழாயின் வாயில் அடைத்துள்ள கழிவை அகற்றச் சொல்லி, நீங்கள் எடுத்த படத்துடன், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே நீர்வளத் துறையின் உதவிச் செயற்பொறியாளருக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்துமூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.